மேற்கே இன்னொன்று

பெர்கன்
9 அக்டோபர் 1920

அன்புள்ள ஒலீனா அக்காவுக்கு,

உன் தங்கை சுகமாக ஊர் வந்து சேர்ந்தாள். நீயும் அன்ஃபின் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? என் இருமல் விட்டுவிட்டது. நீ பின்னிக் கொடுத்த கம்பளிச் சட்டையைத்தான் தினமும் போடுகிறேன்.

வானிலை அலுவலகத்தில் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதே. ஒரு பழைய வீட்டின் மேல்மாடி, நீள மேசைகள், ஒழுகுகிற ஒரு சன்னல். காலை எட்டரைக்கு மேல் கடற்கரை முழுவதிலிருந்தும் தந்திகள் வரும். ஒவ்வொன்றிலும் ஐந்தைந்து எண்களாகக் காற்று, மேகம், அழுத்தம். அவற்றை வரைபடத்தில் அந்தந்த ஊருக்கு நேராக எழுதுவதுதான் என் வேலை. பெரியவர்கள் அதைப் பார்த்துக் கோடுகள் இழுப்பார்கள், நான் கலர்ப் பென்சிலால் அவற்றைத் தடிப்பாக்குவேன்.

மூன்றாம் நாள் ஒரு தாளை எடுத்தேன். ஸ்கார்வோய் தீவு. நீ பாரோமீட்டரைத் தட்டிப் பார்த்து, சால்வையைப் போர்த்திக்கொண்டு, தந்தி நிலையம்வரை நடந்துபோய் அனுப்பிய எண்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "ஏம்மா, அங்க அவ்வளவு மழையா?" என்று கேட்டார்.

தினம் மூன்று வேளை உன்னைப் பார்க்கிறேன் அக்கா. அத்தானிடம் என் அன்பைச் சொல்.

உன் சிக்னே

*

ஸ்கார்வோய்
21 நவம்பர் 1920

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது.

இங்கே இருவரும் நலம். எனக்கு முழங்கால் வலி மட்டும். நீ ராத்திரி சாப்பிடாமல் படுப்பதாக உன் வீட்டுக்காரம்மா இந்த ஊர்க்காரி ஒருத்தியிடம் சொன்னாளாம், செய்தி இங்கே வந்துவிட்டது. உப்பு மீனும் ரொட்டியும் அனுப்பியிருக்கிறேன். சாப்பிடு.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். உன் அத்தானுக்கு ஒரே சிரிப்பு. "என் பொண்டாட்டி மூணு வேளையும் ஊருக்கு வானத்த அனுப்புறா, மச்சினி அதை வாங்கிக் கலர் அடிக்கிறா. நடுவுல என் சூப்பு ஆறிப்போவுது" என்கிறார். ஆனால் படகுக்கொட்டகையில் ஒட்டும் உங்கள் அறிவிப்பை அவர்தான் முதலில் போய்ப் படிப்பார். அவருடைய தம்பி மோன்ஸிடம் உட்கார்ந்து வாதம் செய்வார். புயல் எங்கே பிறக்கிறது, எப்படி வளர்கிறது, எப்போது சாகிறது என்று ஒரு மீனவனுக்குப் புரியும்படி உன்னால் எழுத முடியுமா என்று கேட்கச் சொன்னார். முடியாவிட்டால் நீ அங்கே சும்மா படம் போடுகிறாய் என்று வைத்துக்கொள்வாராம்.

குளிர் ஏறிவிட்டது. காதை மூடிக்கொண்டு வெளியே போ.

ஒலீனா

*

பெர்கன்
16 ஜனவரி 1921

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

புது வருடம் உங்களுக்கு நல்லபடியாகப் பிறந்ததா? நான் நலம். மீனும் ரொட்டியும் தீர்ந்தே போயின.

அத்தானுக்குப் பதில். உரக்கப் படித்துக் காட்டு.

ஜனவரியில் சமையலறைக் கதவைத் திறந்து வைத்தால் என்ன ஆகும்? வெளிக்குளிர் தரையோடு ஊர்ந்து காலைத் தொடும். உள்ளே இருக்கிற சூடு தலைக்கு மேலாக வெளியே போகும். இரண்டும் அவ்வளவு சீக்கிரம் கலக்காது. கடலின் மேலும் அப்படித்தான். வடக்கே பனிக்கட்டியிலிருந்து இறங்கி வரும் குளிர்காற்று ஒரு பக்கம், தெற்கிலிருந்து வரும் வெப்பக்காற்று இன்னொரு பக்கம். நடுவே ஆயிரம் மைலுக்கு ஓர் எல்லைக்கோடு. எங்கோ ஓரிடத்தில் அந்தக் கோடு வளைகிறது. வெப்பக்காற்று வடக்கே ஒரு நாக்கை நீட்டுகிறது, பின்னாலிருந்து குளிர்காற்று அதைத் துரத்துகிறது. வளைவின் உச்சியில் அழுத்தம் இறங்குகிறது, சுற்றியுள்ள காற்றெல்லாம் அதைச் சுற்றத் தொடங்குகிறது. புயல் பிறந்துவிட்டது.

கரையில் நிற்கும் உங்களுக்கு முதலில் தெரிவது, சீவிவிட்ட தலைமயிர் போல மிக உயரத்தில் மேகம். முன்னால் கிடக்கும் குளிரின் மேல் வெப்பக்காற்று ஏறி வருகிறது என்று அர்த்தம். பிறகு சூரியனை ஒரு வெள்ளைத் திரை மூடும். பாதரசம் இறங்கும். தென்கிழக்குக் காற்று, விடாத மழை. அப்புறம் மழை விட்டுக் கதகதப்பாகும், தூறும், பாதரசம் ஓரிடத்தில் நிற்கும். அங்கே ஏமாந்துவிடக் கூடாது. அது அந்த நாக்கின் நடு. பின்னாலேயே குளிர் வருகிறது: சுவர் மாதிரி கறுத்த மேகம், ஆலங்கட்டி, காற்று ஒரே திருப்பாக வடமேற்குக்குத் திரும்பும். பின்னால் வந்த குளிர் முன்னால் இருந்த குளிரை எட்டிப் பிடித்து, நடுவில் இருந்த சூட்டைத் தரையிலிருந்தே தூக்கிவிடும். சூடு போன புயல் விறகு தீர்ந்த அடுப்பு. கொஞ்ச நேரம் புகையும், அவ்வளவுதான்.

ஆகவே அத்தான், காற்று வடமேற்குக்குத் திரும்பி, பாதரசம் ஏறி, வானம் கழுவிவிட்டதுபோல் தெளிந்தால், முடிந்தது. பயமில்லாமல் படகை எடுக்கலாம்.

சும்மா படம் போடுகிறேனா? அவரிடம் கேட்டு எழுது.

உங்கள் சிக்னே

*

ஸ்கார்வோய்
27 பிப்ரவரி 1921

அன்புள்ள சிக்னே,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? நான் இருக்கிறேன்.

உன் தந்தியும் பூவும் வந்தன. நீ வராததற்கு வருத்தப்படாதே. பத்தாம் தேதிக்குப் பிறகு ஒன்பது நாள் கப்பலே வரவில்லை, நீ எப்படி வருவாய்? பதினேழாம் தேதி தேவாலயத்தில் பிரார்த்தனை நடந்தது. சவப்பெட்டி இல்லாமல் என்ன செய்வதென்று போதகருக்குத் தெரியவில்லை. உன் அத்தானுடைய ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைக் கொண்டுபோய் முன்வரிசையில் வைத்தேன். உடல் இதுவரை கிடைக்கவில்லை. மே மாதம் தெற்குக் காற்றில் சில சமயம் கரை ஒதுங்கும் என்கிறார்கள்.

மோன்ஸ் பிழைத்துவிட்டார். படகு கவிழ்ந்து, பாறையில் இரவெல்லாம் கிடந்ததில் வலது கை விரல்கள் கறுத்துப்போயின. மூன்றை எடுக்க வேண்டியிருக்கும்.

நிலையத்து வேலையை விடவில்லை. தந்திகள் ஒழுங்காக வருகின்றனவா?

ஒலீனா

*

பெர்கன்
20 மார்ச் 1921

அக்கா,

நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று மட்டுமாவது எழுது.

பத்தாம் தேதிக்குப் பிறகும் உன் தந்தி ஒரு வேளை தவறவில்லை. காலையில் ஸ்கார்வோய்க்கு நேராக எண்ணை எழுதும்போது, நீ எழுந்துவிட்டாய் என்று தெரிந்துகொள்கிறேன்.

எனக்கு ஒன்று புரியவில்லை. கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அன்று காலைக்கென்று முந்தின நாள் மாலை நாங்கள் அனுப்பிய அறிவிப்பில், மேற்கே இன்னும் கலக்கம் இருக்கிறது, காத்திருக்கவும் என்றுதான் இருந்தது. நானே பார்த்தேன். மற்ற படகு ஒன்றும் போகவில்லை. அத்தான் எவ்வளவு நிதானமான மனிதர். என்னைப் பெர்கனுக்குக் கூட்டிவந்த அன்று, வெறும் தூறலுக்கு இரண்டு மணி நேரம் ஒரு தீவின் மறைவில் படகை நிறுத்தி வைத்தவர். அவர் ஏன் போனார்?

உன் சிக்னே

*

ஸ்கார்வோய்
24 ஏப்ரல் 1921

அன்புத் தங்கைக்கு,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். முழங்காலும் தேவலை. உனக்கு வசந்தத்துக்குப் போட நல்ல காலணி இருக்கிறதா? பழையதில் தண்ணீர் ஏறும் என்று சொல்லியிருந்தாய்.

வலைகள் நான்கு நாளாகக் கடலில் கிடந்தன. அதனால் போனார்.

இங்கே பனி முழுதும் உருகிவிட்டது. ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது.

ஒலீனா

*

பெர்கன்
29 மே 1921

அன்புள்ள அக்காவுக்கு,

ஆடும் குட்டிகளும் நீயும் சுகமா? நான் புதுக் காலணி வாங்கிவிட்டேன்.

உனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து இதை எழுதுகிறேன். இந்த வாரம் பெரியவர்கள் பிப்ரவரி மாத வரைபடங்களையெல்லாம் வரிசையாகத் தரையில் பரப்பினார்கள். ஒன்பதாம் தேதிப் புயல் நம் கரையைக் கடந்து வடகிழக்கே போய்ச் செத்துவிட்டது. ஆனால் அதன் பின்னால் அந்த எல்லைக்கோடு வால் மாதிரி தென்மேற்கே கடலில் நீண்டு கிடந்தது. அந்த வாலில் இன்னொரு வளைவு. பத்தாம் தேதி அதுவே அடுத்த புயலாகிவிட்டது. அதன் பின்னால் மூன்றாவது. புயல்கள் தனியாக வருவதில்லை, ஒரே கோட்டில் அக்கா தங்கைகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாகப் பிறக்கின்றன என்று இவர்கள் கொஞ்ச நாளாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது நன்றாகத் தெரிகிறது.

அதற்கு உன் எண்கள் எவ்வளவு உதவின தெரியுமா? பத்தாம் தேதி காலை எட்டு மணிக்குப் பாதரசம் ஒன்பது புள்ளி ஏற்றம், வடமேற்குக் காற்று, தெளிந்த வானம். இரண்டு மணிக்கு நான்கு புள்ளி இறக்கம், தென்மேற்கே உயரத்தில் இழை மேகம். அந்த இரண்டு மணித் தந்தியைப் பார்த்து, "இந்த அம்மா யாரு? அருமையா கவனிச்சிருக்காங்க" என்று ஒரு பெரியவர் கேட்டார். என் அக்கா என்றேன்.

அதனால் யார் மேலும் தப்பில்லை அக்கா. காலையில் கரையில் நின்ற எவருக்கும் எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் தோன்றியிருக்கும்.

உன் சிக்னே

*

பெர்கன்
12 ஜூலை 1921

அக்கா,

நான் எழுதி ஆறு வாரம் ஆயிற்று, உன்னிடமிருந்து பதில் இல்லை. நலமாக இரு என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன்.

மோன்ஸ் கையைக் காட்ட இங்கே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். நேற்று போய்ப் பார்த்தேன். காபி வாங்கிக் கொடுத்தேன். இடது கையால் குடிக்கப் பழகிவிட்டார். உன்னிடம் கேட்டதையே அவரிடமும் கேட்டேன்: அத்தான் ஏன் போனார்?

கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "அண்ணி சொல்லலியா?" என்றார்.

"வலை கிடந்துச்சுன்னு எழுதினா."

"வலை எல்லார்தும்தான் கிடந்துச்சு."

அதற்கு மேல் அவருக்குச் சொல்ல மனமில்லை. நான் விடவில்லை.

"நீ கேக்குறதால சொல்றேன். உன்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, அதை மொதல்ல தெரிஞ்சுக்க. உன் லெட்டர அண்ணன் கொட்டகைக்குக் கொண்டுவந்து எல்லார் முன்னாலயும் படிச்சான். ஒரு தடவ இல்ல, அஞ்சாறு தடவ. 'எங்க வீட்டுப் பொண்ணு காத்தோட காதப் பிடிச்சுத் திருகுறா பாருங்கடா'ன்னு அவ்வளவு பெருமை. அன்னைக்குக் காலைல மத்தவங்க அறிவிப்பக் காட்டி, இருப்பா ஒரு நாள்னாங்க. 'காத்து திரும்பிருச்சு, வானம் தெளிஞ்சிருச்சு, முடிஞ்சுபோச்சு'ன்னான். நீ எழுதின வார்த்தை சிக்னே, அப்படியே."

மூன்று மணிக்குக் காற்று வந்ததாம். பாதி வலை படகிலும் பாதி தண்ணீரிலுமாக இருந்தபோது கவிழ்ந்ததாம். அத்தான் தம்பியைப் பாறைமேல் தள்ளிவிட்டார். அடுத்த அலையில் அவர் இல்லை.

அக்கா, உனக்கு இது தெரியும். ஐந்து மாதமாகத் தெரிந்துகொண்டே எனக்குக் காலணி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாய். யார் மேலும் தப்பில்லை என்று நான் உனக்கே எழுதியிருக்கிறேன். இனி இந்தப் பென்சிலை எப்படி எடுப்பேன்? திட்டியாவது எழுது.

சிக்னே

*

பெர்கன்
3 ஆகஸ்ட் 1921

அக்கா,

பதினைந்து நாளாக ஸ்கார்வோயிலிருந்து தந்தி இல்லை. வரைபடத்தில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. நிலையத்துக்கு உடம்பு சரியில்லையா என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். நான் என்ன சொல்வேன்?

கடிதம் வேண்டாம். ஒரே ஓர் எண் அனுப்பு.

சிக்னே

*

ஸ்கார்வோய்
21 ஆகஸ்ட் 1921

அன்புள்ள சிக்னே,

பயப்படாதே. உடம்பு சுகம். காலையில் எழுந்து பாரோமீட்டர் வரைக்கும் போவேன். தட்ட விரலைத் தூக்குவேன். முடியாது. அவ்வளவுதான் நடந்தது.

மோன்ஸுக்குத் தெரிந்ததை அவர் சொன்னார். அவருக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது.

அன்று காலை எட்டு மணிக்கு நான் அளவெடுத்துக்கொண்டிருந்தேன். உன் அத்தான் கொட்டகையிலிருந்து திரும்பி வந்து வாசலில் நின்றார். காலணியைக் கழற்றப்போனார். "காத்திருக்கச் சொல்லியிருக்காங்க ஒலீனா. இன்னைக்கு இருந்துட்டு நாளைக்குப் போறேன்" என்றார். உன் கடிதம் எவ்வளவு பிடித்திருந்தாலும் அவருக்கு மனத்தில் ஒரு சந்தேகம் இருந்தது. நான்தான் திரும்பிப் பார்த்து, "ஒம்போது புள்ளி ஏறியிருக்கு. காத்தும் திரும்பிருச்சு. உங்க மச்சினி எழுதினத ஊரெல்லாம் படிச்சுக் காட்டுறீங்க, நீங்களே நம்ப மாட்டீங்களா?" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அவரும் சிரித்தார். காலணிக் கயிற்றை மறுபடி கட்டிக்கொண்டு போனார். கொட்டகையில் அவர் பேசியதெல்லாம் என் வார்த்தை.

இரண்டு மணிக்குப் பாதரசம் நான்கு புள்ளி இறங்கியிருந்தது. வெளியே வந்து பார்த்தேன். தென்மேற்கே சீவிவிட்ட மயிர் மாதிரி மேகம். நீ எழுதியிருந்தபடியே இருந்ததால் உடனே புரிந்துவிட்டது. தந்தி நிலையத்துக்கு ஓடினேன். பெர்கனுக்குச் செய்தி சொல்ல என்னிடம் தந்திக் கம்பி இருந்தது. இரண்டு மைலில் கண்ணுக்குத் தெரிகிற படகுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. மேட்டில் நின்று சால்வையை வீசினேன். குனிந்து வலை இழுப்பவர்கள் எதைப் பார்ப்பார்கள்?

அருமையாகக் கவனித்த அம்மா நான்தான் சிக்னே. அந்த எண்களை இந்தக் கைதான் எழுதியது. உன் மே மாதக் கடிதத்துக்குப் பதில் எழுத எத்தனை தடவை உட்கார்ந்தேன் என்று உனக்குச் சொல்ல முடியாது.

உன் கடிதத்தைப் பற்றி நான் ஏன் சொல்லவில்லை என்கிறாய். உன்னைக் காப்பாற்ற என்று நினைத்தாயானால், பாதிதான் சரி. உன் பங்கைச் சொன்னால் என் பங்கையும் சொல்லியாக வேண்டுமே.

யார் மேலும் தப்பில்லை என்று மட்டும் இனி எழுதாதே. உன் மேல் இல்லை. நீ அறிந்ததை எழுதினாய். என் தப்பை என்னிடமே விட்டுவிடு. நான் செய்தது தப்பு என்று இருந்தால், அவரிடம் தினமும் சொல்லிக்கொள்ள எனக்கு ஏதோ ஒன்று இருக்கிறது. அதையும் எடுத்துவிட்டால் வீட்டில் சத்தமே இருக்காது.

நாளையிலிருந்து தந்தி அனுப்புகிறேன்.

உன் அக்கா ஒலீனா

*

பெர்கன்
2 அக்டோபர் 1921

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன். வேலையை விட்டுவிடலாம் என்று கடிதம்கூட எழுதி வைத்திருந்தேன். மறுநாள் உன் எட்டு மணி எண் வந்தது. கிழித்துவிட்டேன்.

உன் தப்பைப் பற்றி நீ சொன்னபடியே நான் பேசமாட்டேன். என் தப்பையும் நீ என்னிடமிருந்து எடுக்காதே. "முடிந்தது" என்று எழுதியது நான். எனக்குத் தெரியாது என்று எழுதியிருக்கலாம்.

இத்துடன் ஒரு தாள். பெரியவர்களின் அனுமதியோடு நானே எழுதியது, கடற்கரை நிலையங்களுக்கெல்லாம் போகிறது. "குளிர்காற்று வந்து வானம் தெளிந்த பிறகும் ஒரு நாள் பொறுங்கள். மேற்கே இன்னொன்று இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எங்களுக்கு நிச்சயமாகத் தெரியாது." அவ்வளவுதான். கொட்டகையில் ஒட்ட முடியுமா? உனக்குக் கஷ்டமாக இருந்தால் மோன்ஸிடம் கொடு.

உன் சிக்னே

*

ஸ்கார்வோய்
6 நவம்பர் 1921

அன்புத் தங்கைக்கு,

நலமாக இருக்கிறாயா? இங்கே குளிர் வந்துவிட்டது. நான் சுகம்.

உன் தாளை மோன்ஸிடம் கொடுக்கவில்லை. நானே கொட்டகைக்குப் போய்ப் படித்தேன். பிப்ரவரிக்குப் பிறகு முதல் தடவையாக உள்ளே போனேன். ஆண்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். மோன்ஸ் ஆணி அடித்தார், நான் தாளைப் பிடித்துக்கொண்டேன்.

புதன்கிழமைக் காலை அது நடந்தது. முந்தின நாள் முழுதும் காற்று, ஆலங்கட்டி. விடிந்தபோது வடமேற்குக் காற்று, பாதரசம் ஏழு புள்ளி ஏறியிருந்தது, வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பன்னிரண்டு படகுகள் தயாராக இருந்தன. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "ஒரு நாள் பொறுங்க" என்றேன். மோன்ஸ்தான் முதலில் படகை மேலே இழுத்துக் கட்டினார். பிறகு ஒவ்வொருவராகக் கட்டினார்கள்.

நான் இரண்டு மணிவரை மேட்டிலேயே நின்றேன். மேகம் வரவில்லை. பாதரசம் இறங்கவில்லை. நான்கு மணி ஆயிற்று, கடல் கிண்ணத்துப் பால் மாதிரி கிடந்தது. காற்றுகூட நின்றுவிட்டது. இருட்டும் நேரத்தில் கிழவர் ராஸ்முஸ் என்னைக் கடந்து போகும்போது, "ஒரு நல்ல நாள் வீணாப்போச்சேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாகச் சொல்லவில்லை. அது உண்மையும்தான்.

வீட்டுக்கு வந்து அடுப்பைக்கூட மூட்டாமல் உட்கார்ந்தேன். இப்படியும் நாட்கள் இருக்கின்றன சிக்னே. தெளிந்தால் தெளிந்தபடியே இருக்கிற நாட்கள். அன்றைக்கு இப்படி ஒரு நாளாக இருந்திருக்கலாம். நான் சொன்ன அதே வார்த்தையைச் சொல்லியிருப்பேன், அவர் அதே மாதிரி சிரித்துக்கொண்டு போயிருப்பார். நாலரைக்கு வலையோடு வந்து, காபி ஆறிவிட்டது என்று சத்தம் போட்டிருப்பார். அந்தச் சத்தம் எனக்குக் காதில் கேட்டது. அப்போதுதான் அழுதேன். தேவாலயத்தில் அழாததெல்லாம் விடியும்வரை வந்தது.

கிறிஸ்துமஸுக்கு வா. உன் கட்டிலை அடுப்புப் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டேன்.

வியாழன் காலை எட்டு மணிக்கு நான் அனுப்பிய எண்ணை வரைபடத்திலிருந்து அழித்துவிடச் சொல். தவறாக இருக்கும். படிக்கும்போது கண் சரியாகத் தெரியவில்லை.

உன் அக்கா ஒலீனா